ஏழு மீன்கள், ஆறு சீட்டுகள்

கெண்டை என்றதும் கண்ணைப் பாடும் மொழிகள் உண்டு.
இந்த மேசையில் பேச்செல்லாம் உதட்டைப் பற்றி.
லேபியோ.
தடித்த உதட்டான் என்று பொருள்.
பெயர் வைத்தவன் ஒருநாளும்
முத்தமிடும் எண்ணத்தில் இருந்திருக்கமாட்டான்.

கிசங்கானி, மழைக்காலம்,
மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அதன் வெளிச்சத்தில் எண்ணுகிறேன்
பக்கக்கோட்டின் செதில்களை:
முப்பத்தாறு.
மறுபடியும். முப்பத்தேழு.
கொசு கடித்த நொடியில்
ஒரு செதில் முளைத்திருக்கிறது.

ஏழு மீன்கள். ஆறு சீட்டுகள். ஒரே ஆறு.
ஏழாவதின் சீட்டு வரும் வழியில் மழையில் கரைந்து
வாலில் நூல் மட்டும் தொங்குகிறது.

அடையாள நூல் கேட்கிறது:
உதட்டின் உட்புறம் மடிப்புகளா, மொட்டுகளா?
மடிப்பென்றால் இரண்டாம் கேள்விக்குப் போ.
மொட்டென்றால் பதினேழுக்கு.
நடுவில் இருந்தால்?
நடுவுக்கு எண் தரவில்லை நூல்.

சரி, வயிற்றைத் திறந்தேன்.
இரைப்பை இல்லை.
பசிக்கென்று தனியறை ஒதுக்காத வீடு.
குடல் மட்டும்
சுருளுக்குள் சுருளாய், சுருளுக்குள் சுருளாய்;
நீட்டிப் பிடித்தால் உடலைப்போல் பதினான்கு பங்கு,
மேசை தீர்ந்து நாற்காலி முதுகில் போட்டேன்.
உள்ளே சாம்பல் நிறச் சேறு.
நேற்றைய காங்கோ நதி
ஓர் அடி மெல்லிய குழாயில் நின்றுபோயிருந்தது.

தாடையில் ஒரு பல்லும் கிடையாது.
கெஞ்ச வந்தவன் வாய்போலக் கீழ்நோக்கிய வாய்.
தொண்டைக்குள் விரல் விட்டால்தான் தெரிகிறது அரவை ஆலை:
இரண்டு, நான்கு, ஐந்து என
பக்கத்துக்கு மூன்று வரிசை.
காற்றுப்பையிலிருந்து செவிக்கு
கையோடு கை கோத்த சிற்றெலும்புகள்.
வயிற்றில் விழும் ஓசையை அவை தலைக்கு ஏற்றுகின்றன.
அருவியின் இரைச்சலில் குடியிருப்பவனுக்கு
இத்தனை நுட்பமான காது எதற்கு?
இதற்கும் நூலில் எண் இல்லை.

கதவைத் தட்டாமல் வந்தாள் அசுமினி,
தலையில் காலித் தட்டு, தோளெல்லாம் மழை.
"காலையில் கொண்டுவந்தாயே என் மீன்,
காசு எங்கே?"
நான் கத்தியைக் கீழே வைத்தேன்.
அவள் குடலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்,
"துணி காயப் போட்டிருக்கிறாயா" என்றாள்.

பிறகு கட்டை விரலால்
ஏழாவதின் உதட்டை ஒரே புரட்டு.
"மொட்டு. பாறை நக்கி.
மூக்கில் பார், பிரம்பு உரசிய கீறல்.
வலக்கரை, மூன்றாம் மரச்சட்டம்,
லிதோகோவின் கூடை."
பெயர் என்ன, என்று பேனாவை எடுத்தேன்.
"விற்கும்போது ஒன்று. தின்னும்போது ஒன்று.
உனக்கு எது?"

பேரம் நெடுநேரம் நடந்தது.
அறுத்த மீனுக்கு முழு விலை,
பல்லுக்காகத் தலை எனக்கு,
ஃபார்மலின் தொடாத உடல் அவளுக்கு.
வெங்காயம் இருக்கிறதாம் வீட்டில்.

அவள் படியிறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.
"முதுகுத் துடுப்பு! கதிர்களை எண்ணவில்லை!"
இருட்டுக்குள் காலடி நின்றது.
மழை மட்டும் கொஞ்ச நேரம்.

"கிளை விட்டது பதினொன்று.
முன்னால் கிளைக்காத முள் தனி.
அதையும் சேர்ப்பாயா, மாட்டாயா?"

நூலைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன்:
சேர்ப்பதில்லை.
"அப்படியென்றால் பதினொன்று" என்றபடி
போய்விட்டாள்.

பதினொன்று என்று எழுதினேன்.
எண்ணியவர் என்ற கட்டத்தில்
என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு
அடித்தேன்.